குளவிக்கு இரண்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். சார்ஜென்ட் தட்டச்சு செய்தால் பெயர்களில் பிழை வரும், பிறகு நான் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். தமிழில் எழுதலாம் என்று இன்ஸ்பெக்டர் ராமசுப்பிரமணியன் அனுமதித்தார். கோடு போட்ட காகிதம் கேட்டேன், அதையும் கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

என் பெயர் சிவசம்பு. வயது நாற்பத்திரண்டு. பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா கனகேஸ்வரியோடு இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள். நான் மட்டும் கிள்ளானில் ஒரு ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனேன். அங்கே என் வேலை ஷீட்டுகளைத் தரம் பிரிப்பது. புகையூட்டிய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் தூசி, குமிழி, பூஞ்சணம் எல்லாம் தெரியும். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். பதினேழு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சிறு தோட்டக்காரர்கள் முறைத்திருக்கிறார்கள். ஒருவர் என் முன்னால் அழுதிருக்கிறார். எண் மாறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. விஜயன் விஷயத்தைப் புரிந்துகொள்ள இது தேவை.

ஆட்டத்தைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், சூதாட்டமா என்று. இல்லை. 1984இல் ராதாகிருஷ்ணன் என்ற என் நண்பர் இங்கிலாந்தில் பொறியியல் படிப்பை முடித்துவிட்டு வந்தபோது பெட்டியில் ஒரு ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வைத்தியர். "குகைக்குள்ளே ஏதோ மூச்சு விடுது, என்ன செய்யப் போறீங்க?" என்று கதை நடத்துகிறவர் கேட்பார். வெட்டப் போகிறேன் என்றால் பகடையை உருட்ட வேண்டும். அதற்கு இருபது முகம். விழும் எண்ணைப் பொறுத்து வெட்டு படும் அல்லது படாது. காகிதமும் பென்சிலும் பேச்சும்தான் முதலீடு. சனிக்கிழமை மத்தியானங்களில் அடைக்கப்பனின் வீட்டு மாடியில் கூடுவோம். அடைக்கப்பன் செட்டியார் வீட்டுப் பிள்ளை, காப்புறுதிக் கம்பெனியில் வேலை. ஆபத்தைக் கணக்குப் போடும் தொழிலில் இருந்தும் ஆட்டத்தில் எல்லாக் கதவையும் காலால் உதைத்துத்தான் திறப்பார்.

கதையில் வரும் ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு கடுமை எண் உண்டு. ஒன்று என்றால் வாள் பிடிக்கத் தெரியாதவன்கூடச் சமாளிப்பான். பத்து என்றால் ஓடிவிடுவது நல்லது. எண் குறைவாகப் போட்டால் எல்லோரும் நாலு மணிக்கே செத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். கூடப் போட்டால் கொட்டாவி விடுவார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகத்தில் இந்த எண்கள் சரியில்லை என்பதை முதல் மாதமே கண்டுபிடித்தது நான்தான். சேற்றுப்பேய் என்று ஒன்று, யானை அளவு உடம்பு, அதற்கு ஆறு போட்டிருந்தார்கள். உடம்பைப் பார்த்துப் பயந்து போட்ட எண். அது ஒரு சுற்றில் ஒரு தடவைதான் அடிக்கும். நான்கு பேர் சுற்றி நின்றால் நான்கு அடி அதற்கு விழும். மூன்று போதும் என்றேன். ஆடிப் பார்த்தோம், மூன்றுதான். அதே புத்தகம் குட்டிச்சாத்தான்களுக்கு ஒன்று கொடுத்திருந்தது. முழங்கால் உயரம்தான், ஆனால் எட்டு எட்டாகத்தான் வரும். ஒரு சுற்றுக்கு எட்டு அடி. ஐந்து என்றேன். அன்று அடைக்கப்பன் இரண்டு தடவை இறந்தார்.

அதற்குப் பிறகு கதையில் புதிதாக எது வந்தாலும் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். "சம்பு, என்ன நம்பர்?" என்று ராதாகிருஷ்ணன் கேட்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்துச் சொல்வேன். மாடியில் அப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ரப்பர் ஷீட்டுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

மூன்று ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு அரக்கர்களுக்கு எண் போட்டு, ஒரு கையேடு தயாரித்தேன். பெட்டாலிங் ஜெயாவில் இந்த ஆகஸ்டு மாதம் இதே ஆட்டத்தை ஆடுகிறவர்களின் சந்திப்பு ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும்கூட ஆட்கள் வருவதாக இருந்தது. கையேட்டை அறுபது பிரதி எடுத்து அங்கே கொடுப்பதாகத் திட்டம்.

விஜயன் ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தார். டெலிபோன் இலாகாவில் லைன்மேன். வயது இருபத்தொன்பது. ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் கரிபாப் பலகாரம் கொண்டுவருவார். சத்தமாகச் சிரிப்பார். எனக்கு அவர் மேல் எந்தப் பகையும் இல்லை. இதை அடிக்கோடிட்டிருக்கிறேன், பார்க்கவும்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை அவர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அறுபத்தொண்ணாம் பக்கத்துல தெபுவானுக்கு ரெண்டுன்னு இருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?"

மலைக்குளவியை இங்கே எல்லோரும் மலாயில் தெபுவான் என்றுதான் சொல்கிறார்கள்.

"இல்லை தம்பி, ரெண்டுதான்," என்றேன். "ஒரு குளவிக்கு ஒரு உயிர்ப்புள்ளி, ஒரு அடியோடை செத்துப்போகும். ஒரு பந்தத்தைக் கொளுத்திப் பிடிச்சால் முடிஞ்சுது."

"ஐயோ அண்ணே, நீங்க கூட்டுப் பக்கத்துல போய்ப் பாத்ததில்லலா. எங்கூட வேலை செஞ்ச ஹசான் ஒரு போஸ்ட்ல ஏறி பொட்டியத் தொறந்தாரு. உள்ள கூடு. எறங்கி வரதுக்குள்ள அறுபது எழுபது கொட்டு. ஒரு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தாரு. பொழைக்கல."

"அது விபத்து. இது ஆட்டம்."

அப்போது புஷ்பவல்லி பேசினார். அவர் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் பெண். எதையும் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. "சம்பு அண்ணே, குட்டிச்சாத்தானுக்கு நீங்கதான சொன்னீங்க, உடம்பு முக்கியமில்ல, ஒரு சுற்றுக்கு எத்தன அடிங்கிறதுதான் முக்கியம்னு? குளவி எத்தன வரும்? நூறு வருமா?"

நான் கையேட்டில் குட்டிச்சாத்தான் பக்கத்தைத் தேடினேன். அதற்குள் ராதாகிருஷ்ணன், "ஆடிப் பாத்திருவோம்," என்றார்.

மூன்று தடவை ஆடினோம். இரண்டு தடவை நான்கு பேரும் இறந்தார்கள். மூன்றாம் தடவை அடைக்கப்பன் மட்டும் ஆற்றில் குதித்துப் பிழைத்தார். பகடையில் ஒரு முனை தேய்ந்திருப்பதாக நான் சொன்னேன். யாரும் பகடையை எடுத்துப் பார்க்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். ஏழு என்பதற்கு நான்கு கை. என் கை மேசையிலேயே இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். புஷ்பவல்லி மெதுவாக, "அப்ப மத்ததையும் ஒருக்கா பாத்துரலாமா?" என்றார். ஆறு மணிக்குள் பதினொரு எண்களை மாற்றிவிட்டார்கள்.

"ரப்பர் ஷீட் இல்லலா சம்பு," என்று ராதாகிருஷ்ணன் என் தோளில் தட்டினார். "திருப்பிப் பாத்தா என்ன கொறைஞ்சிடப் போகுது? நம்பர விஜயனும் வல்லியும் பாக்கட்டும். நீங்க எதெது எங்கெங்க வாழும்னு எழுதுங்க. ஒங்க தமிழ் நல்லாருக்கு."

சேற்றுப்பேய் சேற்றில் வாழும். இதை எழுத யாருக்கும் தமிழ் நன்றாக இருக்க வேண்டியதில்லை.

நான் கோபப்படவில்லை. அக்காவைக் கேட்டுப் பாருங்கள். "என்னடா, சோறு அப்படியே கிடக்குது?" என்று மட்டும் அவர் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். ஆனால் திங்கட்கிழமை வேலையில் ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது அது இரண்டா மூன்றா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் எழுதிக்கொள்ளும் பெண் பென்சிலோடு காத்திருந்தாள். நான் ஷீட்டைத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். "என்ன சார், கண்ணு வலிக்குதா?" என்றாள். பதினேழு ஆண்டுகளில் முதல் தடவை. இந்த வழக்கில் முதலில் காயப்பட்டது யார் என்பது பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை நான் பேசாமல் இருந்ததை விஜயன் கவனித்திருக்கிறார். படியிறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க. பத்தொம்பதாம் தேதி ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. வீட்டுக்கு வாங்க. அப்பா ஆட்டுக்கறி சூப்பரா சமைப்பாரு." பிறகு சிரித்தார். "நீங்க ரெண்டு போட்ட ஆளும் எங்க வீட்டுப் பின்னாலதான் இருக்கு. இந்தாப் பெரிய கூடு. காட்டுறேன்."

வருகிறேன் என்றேன்.

அந்தப் பதினைந்து நாட்களில் நான் செய்தவற்றைக் கேட்டிருந்தீர்கள். கிள்ளான் பாசாரில் ஒரு லஸ்டிக் வாங்கினேன். பையன்கள் பறவை அடிக்கும் கவட்டைதான். அதில் இருந்த ரப்பர் மட்டமாக இருந்ததால் கழற்றிவிட்டு நல்லதாகப் பார்த்து நானே கட்டினேன். சாயங்காலங்களில் வீட்டுக்குப் பின்னால் மதில் மேல் பால் டின்னை வைத்து அடித்துப் பழகினேன். முதல் நாள் இருபதுக்கு மூன்று. கடைசி நாள் இருபதுக்குப் பதினாறு. பூனையை விரட்ட என்று அக்காவிடம் சொன்னேன். அவர் நல்லது என்றார்.

ஜெஞ்சாரோமில் விஜயனின் வீடு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. அவரும் அவருடைய அப்பா பக்கிரிசாமியும் மட்டும்தான். பக்கிரிசாமிக்கு அறுபத்தெட்டு வயது, தோட்டத்தில் குலை வெட்டியவர், இன்னும் நிமிர்ந்து நடக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். அதில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, தவலை அளவில், சாம்பல் நிறத்தில் கூடு தொங்கியது. நல்ல வேலைப்பாடு. அடுக்கடுக்காகக் காகிதம் சுற்றியது போல் இருந்தது.

"அந்தப் பக்கம் போவாதீங்க சார்," என்றார் பக்கிரிசாமி. "பக்கத்து மலாய்க் கம்பத்துலேருந்து ஆள் வந்து நாளைக்குக் கொளுத்தப் போறான். சொல்லி வச்சிருக்கேன்."

ஆகவே அன்று ஒரு நாள்தான் இருந்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது. விஜயன் எனக்கு எலும்பில்லாத துண்டுகளாகப் பொறுக்கி வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் கையேட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் எண் இருந்த இடம் காலியாக இருந்தது.

"அண்ணே, நான் ஒண்ணும் போடல. எனக்குத் தனியா தெரியாதுலா. தெபுவான் ஒண்ணுதான் எனக்குத் தெரியும், கண்ணால பாத்ததுனால. மத்ததெல்லாம் நீங்களே போடுங்க. ராதாகிட்ட நான் பேசிக்கிறேன். தெபுவானுக்கும் ஏழு கூடன்னா, ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நம்பர் பாப்போம். நாலு, அஞ்சு, ஏதோ ஒண்ணு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் தரம் என்பது உட்கார்ந்து பேசி முடிக்கும் கல்யாணம் அல்ல. இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவே நாலரை இருக்கிறது என்பது கூட்டல் கணக்கு. குளவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை அவருக்கு விளக்கலாமா என்று யோசித்தேன். விளக்கினால் சரி என்று தலையாட்டியிருப்பார். எதற்கும் தலையாட்டுகிற ஒருவர் எப்படி எண் போட முடியும்?

"வாழைக் குலை ஒண்டு பழுத்துக் கிடக்குது போல," என்றேன். "அக்காவுக்கு வாழைப்பழம் எண்டால் உயிர்."

வாழை ரம்புத்தான் மரத்துக்கு அப்பால் மூன்று எட்டில் இருந்தது.

"அதுக்கென்ன அண்ணே, சத்தம் காட்டாம சுத்திப் போய் வெட்டிட்டு வரேன். நான் எப்பவும் போறதுதான்." பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா வாழைப்பழம் சாப்பிடுவதில்லை. அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி.

என் டட்சன் காரை வரும்போதே பின்பக்கமாக, மரம் தெரியும்படி நிறுத்தியிருந்தேன். உள்ளே போய் உட்கார்ந்து மூன்று கண்ணாடிகளை ஏற்றினேன். கதவுகளைப் பூட்டினேன். என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஒரு சாண் திறந்துவைத்தேன். இருபத்தைந்து எட்டுத் தூரம். முதல் கல் கிளையில் பட்டது. இரண்டாவது கல் கூட்டில் பட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டு பன்னிரண்டு.

ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது பத்து விநாடி. முதல் சுற்றில் விஜயன் என்ன நடந்தது என்று புரியாமல் மேலே பார்த்தார். இரண்டாம் சுற்றில் குலையைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். வீட்டை நோக்கி ஓடியிருந்தால் நல்லது. கார் பக்கத்தில் இருந்ததால் காரை நோக்கி வந்தார். நான்காம் சுற்றில் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பிறகு கண்ணாடியில் தட்டினார். "அண்ணே, கதவு" என்று கேட்டது. அதற்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். திறந்திருந்தால் கணக்குக் கெட்டுப்போயிருக்கும். எண் பார்க்க உட்கார்ந்தவன் நடுவில் இறங்கி ஒரு பக்கத்துக்கு உதவி செய்தால் வரும் விடைக்கு மதிப்பில்லை. ஏழாம் சுற்றில் அவர் ஒன்பதாம் சுற்று வரைக்கும் தாங்குவார் என்று குறித்தேன். ஒன்பதாம் சுற்றில் சாக்கடையில் விழுந்தார். என் கணிப்பு பிசகவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

பத்தாம் சுற்றில் பக்கிரிசாமி வந்தார். அவர் ஓடவில்லை. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் எரிகிற தென்னை ஓலையோடு நடந்து வந்தார். மகன் மேல் சாக்கைப் போர்த்தி, அதன் மேல் தானே படுத்துக்கொண்டார். புகையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவர், "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது கண்ணாடிக்குள் கேட்டது. அவருக்குப் பதினெட்டுக் கொட்டு. அறுபத்தெட்டு வயது ஆள், ஆயுதம் கிடையாது, பதினெட்டுக் கொட்டுக்குப் பிறகும் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றார். இரண்டு என்ற என் எண்ணுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதையும் குறித்துக்கொண்டேன்.

குளவிகள் அடங்கியதும் கதவைத் திறந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். முப்பது நிமிடத்தில் போய்விட்டேன். அந்தச் சாலையில் அது சிரமம். பக்கிரிசாமி பின்சீட்டிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லாட்டி சார்," என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். விஜயனின் முகம் வீங்கி, ஒரு கண் மட்டும் கோடு போல் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"பயந்துட்டீங்க, இல்லண்ணே?" என்றார். "கதவு. பரவால்ல. நானா இருந்தாலும் கை ஓடியிருக்காது. அப்பாகிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் பயப்படவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நினைத்துக்கொண்டது அவருக்கு ஆறுதலாக இருந்தது. விட்டுவிட்டேன்.

"தம்பி, நூற்றிருபத்தேழு கொட்டு எண்டு டாக்டர் சொல்லுறார்," என்றேன். "ஏழு எண்டால் நீங்கள் இப்ப பேச ஏலாது. பேசுறீங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "சரிண்ணே," என்றார். "ரெண்டே இருக்கட்டும். அதுல ஒங்களுக்குச் சந்தோஷம்னா ரெண்டே போட்டுருங்க."

வாய்ப்பேச்சு போதாது என்பதால் அறுபத்தொன்றாம் பக்கத்தைக் கொண்டுபோயிருந்தேன். எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். விரல்கள் மடங்கவில்லை. பேனாவை நான் பிடித்துக்கொடுத்தேன். அந்தக் காகிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கோணலாக இருந்தாலும் அவருடைய கையெழுத்துதான்.

வியாழக்கிழமை காலையில் அவர் இறந்துபோனார். சிறுநீரகம் நின்றுவிட்டது. சிறுநீரகம் நின்றதைக் குளவியின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. சண்டை இரண்டு பதினான்குக்கே முடிந்துவிட்டது. நான்கு நாள் கழித்து நடப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு போனால் எந்த அரக்கனுக்கும் எண் போட முடியாது.

விபத்து என்று எழுதினார்கள். அடக்கத்துக்கு எல்லோரும் ஜெஞ்சாரோம் போனோம். பக்கிரிசாமி முகத்தில் வீக்கம் வடியாமல் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "இவருதான் கார்ல கொண்டுபோனாரு," என்றார். கூடு இருந்த கிளையை வெட்டி எரித்திருந்தார்கள். வாழைக் குலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

நேற்று, பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, பெட்டாலிங் ஜெயாவில் சந்திப்பு நடந்தது. மண்டபத்தில் தொண்ணூறு பேர் இருந்தார்கள். கையேடு அச்சாகி வந்திருந்தது. புஷ்பவல்லி இரவு பகலாக உட்கார்ந்து முடித்தாராம். முதல் பக்கத்தில் 'எங்கள் விஜயனுக்கு' என்று இருந்தது. எண்கள் எல்லாம் புதியவை. அறுபத்தொன்றைத் திருப்பினேன். குளவிக் கூட்டம், கடுமை ஏழு. கீழே சிறிய எழுத்தில், இந்த எண் விஜயன் சொன்னது, அவர் சொன்னது சரி, என்று போட்டிருந்தது.

நான் ராதாகிருஷ்ணனைத் தனியாக அழைத்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினேன்.

அவர் அதை வாங்கிப் படித்தார். "எப்ப வாங்கினீங்க இத?"

"செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியிலை."

"ஆஸ்பத்திரில," என்றார். காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் திருப்பி வைத்தார். "வீட்டுக்குப் போங்க சம்பு. இனிமே மாடிக்கு வராதீங்க."

மேடையில் விஜயனின் பெயரைப் படித்தபோது தொண்ணூறு பேரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் என் பக்கத்தில், "ஏழு சரிதான்லா, ஒரு ஆளையே கொன்னுருச்சே," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் விஷயம் எனக்குத் தெளிவானது. அவர்கள் எல்லோரும் குளவி கொன்றதாக நினைத்துக்கொண்டு எண் போட்டிருக்கிறார்கள். தவறான தகவலை வைத்துப் போட்ட எண் தவறாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தகவல் என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை.

அதனால்தான் இன்று காலை யாரும் கூப்பிடாமல் நானே இங்கே வந்தேன். மனசாட்சியா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்தச் சொல் பெரியது. திருத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விதி எளிமையானது. ஒரு கூட்டம் தானாக வந்து தாக்கினால் அதன் எண் அதற்கு. பின்னால் ஒருவன் இருந்து திட்டமிட்டு, நாள் பார்த்து, இடம் பார்த்து, கதவைப் பூட்டிக்கொண்டு அதை ஏவினால், அவனுடைய எண்ணைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு எண் போட வேண்டும். 1987 ஜூலை பத்தொன்பதாம் தேதி ஜெஞ்சாரோமில் குளவிகள் யாரையும் தேடிப் போகவில்லை. அவை தங்கள் வீட்டில் இருந்தன. விஜயனைக் கொன்றது நான். தெரிந்து, தெளிந்த புத்தியோடு, எண்ணுக்காகச் செய்தேன்.

குற்றப்பத்திரிகையிலும் கையேட்டின் அடுத்த பதிப்பிலும் இப்படி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். குளவிக்கு இரண்டு. எனக்கு ஐந்து. அதற்கு மேல் போட வேண்டாம், நான் அவ்வளவு கொடியவன் அல்ல.